சுவரோரம் சாகும் சுடர்: கேட்டவர்களும் என் பதில்களும்

முன்கூட்டியே காற்றோடு கலந்த எரிபொருள் எரியும்போது சுடர் சுவரை நெருங்கினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுவர் என்றால் இங்கே பாத்திரத்தின் அடி, இன்ஜின் சிலிண்டர் என்று சுடரைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும்தான். எரிதல் சோதனைக்கூடத்தில் பல வருடம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: பாத்திரத்தை அடுப்புக்கு இன்னும் நெருக்கி வைத்தால் சீக்கிரம் கொதிக்காதா?

கொதிக்கலாம், ஆனால் விஷமும் சேரும். தண்ணீருள்ள பாத்திரத்தின் அடி 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். சுடரின் நீலக் கூம்பு அதில் முட்டினால் எரிதல் பாதியிலேயே நின்று கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அதற்கு வாசனை கிடையாது. அடுப்புத் தாங்கியின் உயரத்தை மாற்றாதீர்கள்.

கிண்டியிலிருந்து பொறியியல் மாணவர்: சுவர் எப்படிச் சுடரை அணைக்கிறது? வாயு ஒழுங்கில்லாமல் சுழன்று ஓடும் கொந்தளிப்பு இருந்தால்?

குளிர்ந்த சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வேதிவினை தொடரப் போதிய சூடு மிஞ்சாது. இரண்டு தட்டுகளுக்கிடையில் மீத்தேன் சுடர் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியிலும், ஹைட்ரஜன் சுடர் சுமார் 0.6 மில்லிமீட்டரிலும் அணைந்துவிடும். 1815ல் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் மூடியதும் இந்தத் தந்திரம்தான்.

கொந்தளிப்பு வந்தால் விஷயம் சுவையாகும். சுழிகள் சுடரைக் கசக்கி மடிப்பு மடிப்பாக்கும். பரப்பு கூடுவதால் எரிதலும் வேகமாகும். ஆனால் சுவரிடமிருந்து உள்ள தூரத்தைவிடப் பெரிய சுழிக்கு அங்கே இடமேது? எரிந்த வாயுவின் பாகுத்தன்மையும் (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) சூட்டால் கூடிச் சுழிகளை மழுங்கடிக்கும். மடிப்பு நீங்கிச் சுடர் தட்டையாகிவிடும். ஓரிடத்தில் நேராக முட்டி அணையும், பக்கத்தில் சுவரையொட்டி வழுக்கிப்போகும். நேராக முட்டும் கணத்தில் சுவருக்கு வெப்பம் மிக அதிகமாகப் பாயும். சுவரிலிருந்து விலகி நடுவெளியில் எரியும் சுடருக்காக எழுதிய கணினி மாதிரிகள் சுவரோரம் எரிதலைக் கூட்டிக் காட்டுவது இதனால்தான். ஆய்வேட்டில் இதை மறைக்காதீர்கள் தம்பி!

அம்பத்தூர் மெக்கானிக்: சிலிண்டர் சுவரில் சுடர் அணைவதால்தானே எரியாத பெட்ரோல் புகையில் வருகிறது?

நாங்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினோம். அணைந்தபின் மிஞ்சும் மெல்லிய படலம் சூடான வாயுவோடு கலந்து பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. உண்மையான குற்றவாளி, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மேல் பிஸ்டன் ரிங் வரை உள்ள சந்து. சுடர் அதனுள் நுழையாது.

பெருங்குடியிலிருந்து ஒருவர்: ஹைட்ரஜனை எரிக்கும் வாயு டர்பைனில் சுடர் பின்னோக்கி ஓடும் என்கிறார்களே, அவ்வளவு வேகமாகக் காற்று வரும்போது?

ரங்கநாதன் தெருவில் நடுவே கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். கடை ஓரமாக நின்று நிதானித்து எதிர்த்திசையில் போகலாம். சுடரும் அப்படித்தான். எவ்வளவு வேகமாக வாயு ஓடினாலும் சுவரைத் தொடும் இடத்தில் வேகம் பூஜ்யம். எரிதல் ஆய்வாளர்கள் லூயிஸ், வான் எல்பே இருவரும் 1943ல் சுவரோர வேகச் சரிவை, அதாவது சுவரிலிருந்து விலக விலக வேகம் எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது என்பதை, இதற்கு அளவுகோலாக்கினர். பிறகு தெரிந்தது: சுடர் தன் முன்னால் அழுத்தத்தைக் கூட்டி, வருகிற வாயுவையே தடுத்து, ஆங்காங்கே திருப்பிவிடவும் செய்கிறது. ஹைட்ரஜன் வேகமாக எரியும், சுவருக்கு மிக அருகிலும் உயிரோடிருக்கும். ஆகவே சுவரோர வழி அதற்கு எளிது.

மாம்பலத்திலிருந்து: பாத்திரத்தில் கரி பிடிக்கிறது.

அது சுவரின் குற்றமன்று. சுடர் மஞ்சளாக இருந்தால் பர்னரின் காற்றுத்துளையைத் துடையுங்கள்.