காலையில் சரி, மதியம் தப்பா?

கேள்வி: என் மகன் 12 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணியில் கோல்கீப்பர். போன மாதம் ஒரே நாளில் இரண்டு மேட்ச். காலையில் கோல் கிக் (எதிரணி அடித்து கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை மறுபடி உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எடுத்தபோது, பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டத்துக்குள்ளேயே, நின்ற சக வீரனுக்குப் பந்தைத் தட்டிவிட்டான். ரெஃப்ரி ஒன்றும் சொல்லவில்லை. மதியம் வந்த ரெஃப்ரி அதையே தப்பு என்று திரும்ப அடிக்க வைத்தார். பையன் குழம்பிப்போனான். கோச்சிடம் கேட்டால், 'ரெஃப்ரி சொல்வதுதான் சட்டம்' என்கிறார். அப்படியா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை அம்மா. உங்கள் மகன் செய்தது சரி. மதியம் வந்தவர் பழைய சட்டத்துக்கு விசில் ஊதியிருக்கிறார். பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு என்பது 2019 ஜூன் மாதத்தோடு போய்விட்டது. இப்போது பந்தை உதைத்து, அது நகர்ந்தது தெளிவாகத் தெரிந்தாலே போதும். அதுவரை எதிரணிப் பிள்ளைகள்தான் ஏரியாவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

ரெஃப்ரியின் முடிவே இறுதி என்பது களத்தில் நடந்ததைப் பற்றிய தீர்ப்புக்கு மட்டும். கை பட்டதா, தள்ளினானா என்று அவர் சொல்லலாம். சட்டத்தையே மாற்றிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. பல வருடம் விசில் பிடித்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் பி.டி. மாஸ்டரோ பழைய ஆட்டக்காரரோதான் ரெஃப்ரி. என்றோ படித்ததை வைத்து ஊதுகிறார்கள். புதிதாக வந்த மாற்றங்களை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஹேண்ட் பாலையே பாருங்கள். தற்செயலாக ஒருவன் கையில் பட்ட பந்தைப் பக்கத்திலிருந்த சக வீரன் உடனே கோலாக்கினால், 2019 சட்டப்படி அது செல்லாது. 2021-இல் அதைத் திருத்தி, கையில் பட்டவனே கோல் போட்டால்தான் செல்லாது என்றார்கள். இரண்டு ரெஃப்ரிகள் இரண்டு வருடத்துப் புத்தகத்தை மனதில் வைத்திருந்தால், ஒரே கோலுக்கு இரண்டு தீர்ப்புதான் வரும். போட்டி நடத்துபவர்கள் முந்தின நாள் மாலை எல்லா ரெஃப்ரிகளையும் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினாலே இதில் பாதி தீர்ந்துவிடும். செலவு ஒரு டீ.

மற்றபடி கண்ணால் பார்த்து முடிவு செய்யும் விஷயங்களில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். த்ரோ இன் எறியும்போது சின்னப் பையன் காலைத் தூக்கினால் ஒருவர் விட்டுவிடுவார், ஒருவர் பந்தை எதிரணிக்குக் கொடுப்பார். லைன்ஸ்மேன் இல்லாமல், வெயிலில் நாலாவது மேட்ச் ஊதுகிறவருக்கு அந்தக் கோடியில் நடந்த ஆஃப்சைடு எப்படித் தெரியும்? அதற்காக அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே மேட்ச்சில், முதல் பாதியில் கண்டுகொள்ளாமல் விட்ட தள்ளலுக்கு இரண்டாம் பாதியில் பெனால்டி கொடுத்தால் நான் மன்னிக்க மாட்டேன். ரெஃப்ரி கறாரானவர் என்றால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் அதற்கேற்ப ஆடப் பழகிவிடும். ஆட்டத்துக்கு நடுவில் மாறுகிறவரிடம் அவர்களுக்கு வழியே இல்லை.

பெற்றோர் கோட்டோரம் நின்று கத்துவது மட்டும் கூடவே கூடாது. இங்கிலாந்தில் உள்ளூர் ரெஃப்ரிகளைத் திட்டுவதும் அடிக்கப் போவதும் முற்றி, 2023-இல் அவர்கள் உடம்பில் கேமரா மாட்டிவிட்டுச் சோதனை செய்யும் அளவுக்கு வந்தது.

இனி இப்படி நடந்தால் உங்கள் மகன் ரெஃப்ரி சொன்னபடியே திரும்ப அடிக்கட்டும். கால்பந்துச் சட்டப் புத்தகத்தில் கோல் கிக் பற்றியது 16-வது சட்டம். புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோச் அதை மொபைலில் வைத்துக்கொண்டு, டாஸ் போடும் நேரத்தில், "சார், கோல் கிக் எப்படி எடுக்கணும்?" என்று தன்மையாகக் கேட்டுவிடலாம். மேட்ச்சில் தப்பு நடந்தால், முடிந்த பிறகு போட்டி நடத்துபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டட்டும்.