சாவித் துவாரத்தில் வைத்த கண்

கேள்வி: பழைய உளவியல் திகில் படங்களில் உங்களைத் தூங்கவிடாத படம் எது? ஏன்?

மைக்கேல் பவல் இயக்கி 1960-ல் வந்த 'பீப்பிங் டாம்', அதாவது ஒளிந்து பார்ப்பவன். ஏன் என்று சொல்ல, எங்கள் வீட்டுக் கதவிலிருந்து தொடங்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்வாசல். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கனத்த தேக்குக் கதவுகளில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சாவித் துவாரம். ஒன்பது வயதில், ஒரு மத்தியானம், அப்பத்தா அறைக் கதவில் கண்ணை வைத்தேன். ஐயா மலேயாவிலிருந்து போட்ட கடிதங்களைத் தரையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து முந்தானையால் ஒற்றினார்கள். நான் நகரவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். அவர்கள் அழுவதைப் பார்க்கத்தான் போனேன். நாலாம் நாள் துவாரத்தை உள்ளிருந்து பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். மார்க் ஒரு ஸ்டுடியோவில் கேமராவுக்கு ஃபோகஸ் பார்ப்பவன். பெண்களைப் படமெடுத்துக்கொண்டே கொல்கிறான். முக்காலியின் ஒரு காலில் கத்தி. கேமராவோடு ஒரு கண்ணாடியும் உண்டு. சாகிறவள் தன் முகத்தில் ஏறும் பயத்தைத் தானே பார்த்தபடி சாக வேண்டும். அந்தப் பயத்தைத்தான் அவன் சேர்த்துவைக்கிறான். இரவில் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். முதல் கொலையை நாம் அவன் கேமரா வழியாகவே பார்க்கிறோம். உடனே அதையே அவன் அறைத் திரையில் மறுபடியும் பார்க்கவைக்கிறார் பவல். முதல் தடவை தெரியாமல் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வது?

என்னை உடைத்தது கொலை இல்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஹெலனுக்கு அன்று 21-வது பிறந்தநாள். அவள் கேட்டதற்காக மார்க் ஒரு படச்சுருளைப் போட்டுக் காட்டுகிறான். அதில் இருப்பது சிறுவனான அவனே. அப்பா மனோதத்துவ ஆராய்ச்சியாளர். குழந்தைக்கு எப்படிப் பயம் வருகிறது என்று பார்க்க, தூங்கும் மகனின் படுக்கையில் ஓணான் போன்ற ஒன்றைப் போட்டுப் படமெடுக்கிறார். பெற்ற அம்மாவின் சடலத்தருகே நிற்கும் பிள்ளையையும் விடவில்லை. அந்த அப்பாவாக வருபவர் பவலேதான், சிறுவனாக வருவது அவருடைய சொந்த மகன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பார்ப்பதில் படம் எடுப்பவருக்கும் பங்கு உண்டு என்று தன்னையே நிறுத்திக் காட்டிய இயக்குநர் வேறு யார் இருக்கிறார்?

அதே ஆண்டு வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'விலும் ஓட்டை உண்டு. விடுதி நடத்தும் நார்மன் சுவரிலிருந்து ஓர் ஓவியத்தை எடுத்துவிட்டு அதன் பின்னாலுள்ள துளையில் கண்ணை வைக்கிறான். அந்த ஓவியமே, குளிக்கப் போன சூசன்னாவை இரண்டு கிழவர்கள் ஒளிந்து பார்த்த பழைய கதைதான். ஹிட்ச்காக் எதையும் சும்மா மாட்டிவைக்க மாட்டார். ஆனால் 'சைக்கோ' ஓடு ஓடென்று ஓடியது. பவலையோ லண்டன் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிரிட்டனில் அவர் பழையபடி படம் எடுக்க முடியாமலே போனது. 1970-களின் கடைசியில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முயற்சி எடுத்து அமெரிக்காவில் மறுபடி திரையிட வைத்தார். ஹிட்ச்காக் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பினார், பவல் கையும் களவுமாகப் பிடித்தார். இரண்டாவதை யாரும் லேசில் மன்னிப்பதில்லை.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது 1978-ல் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. கொலையைப் படச்சுருளில் பார்த்து ரசிக்கும் வளர்ப்புத் தந்தை அதில் உண்டு.

அப்புறம் ஹெலனின் அம்மா. கண் தெரியாதவர். தினமும் ராத்திரி தலைக்கு மேலே அவன் நடமாட்டத்தைக் காதால் கேட்டே இவன் சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு நாள் அவன் அறைக்கே வந்து, இருட்டில், கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். மார்க் கேமராவைத் தூக்குகிறான். அவருக்குக் கண்ணாடியைக் காட்டி என்ன பிரயோஜனம்? அவனால் முடியவில்லை.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. துவாரத்தில் இருப்பது என் கண்தான் என்று அவர்களுக்கு எந்த நாள் தெரிந்திருக்கும், முதல் நாளா, மூன்றாம் நாளா என்றுதான் விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.