மனையை விற்காதீர்கள், சார்

மடிப்பாக்கத்திலிருந்து அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் என மூவரும் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். கட்-ஆஃப் குறைந்துவிட்டது. செங்கல்பட்டு மனையை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்று பெரியப்பா முடிவே கட்டிவிட்டாராம்.

பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை கேட்காத படிப்புக்காக மனையை விற்காதீர்கள், சார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஊரே சொல்கிறது.

அவள் கேட்பது நில அதிர்வியல், அதாவது நிலநடுக்க அலைகளை ஆராயும் படிப்பு. நோட்டில் பூமியை வரைந்து, எஸ் அலை என்னும் நிலநடுக்க அலையின் கோடுகளை, பூமியின் உள்ளே ஆழத்திலிருக்கும் வெளிக்கருவின் விளிம்பிலேயே நிறுத்தியிருந்தாள். சரிதான், வெளிக்கரு திரவம். எஸ் அலை அதற்குள் போகாது. மனிதன் போட்ட மிக ஆழமான துளை 12 கிலோமீட்டர் சொச்சம். வெளிக்கருவுக்கும் உள்ளே, பூமியின் நடுவிலிருக்கும் உட்கருவோ சுமார் 5,150 கிலோமீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. அதன் அமைப்பை அறிய நிலநடுக்க அலைகளைத்தான் நம்ப வேண்டும். 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தின் அலைகள் வரக்கூடாத இடங்களில் பதிவானதைக் கவனித்துத்தான், டென்மார்க்கின் இங்கே லேமான் 1936-இல் உட்கரு உண்டென்று காட்டினார். அதனூடே துருவத் திசையில் போகும் பி அலை என்ற இன்னொரு வகை நிலநடுக்க அலை, குறுக்கே போவதைவிட வேகமானது. இரும்புப் படிகங்கள் ஒரு திசை பார்த்து அடுக்கியிருப்பதே காரணம் என்கிறார்கள். ஏன் அப்படி அடுக்கின என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள், கணிதத்தை விடவேண்டாம். கூடவே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கட்டும். உலக நிலநடுக்கப் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, வீட்டிலிருந்தே அலசலாம். அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களில் புவி இயற்பியல் எம்.எஸ்சி. ஆராய்ச்சி என்றால் ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

உட்கருவை ஆராய்பவர்கள் சிலர்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு எண்ணெய்த் தேடலிலும் சுனாமி எச்சரிக்கையிலும் இடமுண்டு. யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வும் இருக்கிறது.

சம்பளம் தாமதமாகத்தான் வரும். ஆனால் மனை கையிலேயே இருக்கும்.

கோட்டா சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அந்தப் பாரத்தைப் பிள்ளை மேல் போடாதீர்கள்.