டெக்காலுக்கு அடியில் வெள்ளி பூத்தால்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 2025 செப்டம்பரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்த செய்தியைப் பார்த்ததிலிருந்து ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசை. 1/72 அளவில் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி, மேட் பெயின்ட் அடித்து, டெக்காலை, அதாவது சின்னமும் எண்ணும் அச்சடித்த மெல்லிய படலத்தை, தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். ஈரமாக இருந்தபோது அருமையாக இருந்தது. காலையில் பார்த்தால் வட்டச் சின்னத்தைச் சுற்றி வெள்ளி பூசியது போல மினுமினுப்பு, அங்கங்கே வெள்ளை வளையம், பேனல் லைன் (தகடுகள் சேரும் பள்ளக் கோடு) மேலே டெக்கால் கூடாரம் அடித்தது போல நிற்கிறது. வால் எண் தண்ணீரிலேயே மூன்று துண்டாகிவிட்டது. உரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா? இதற்கான திரவங்கள் இங்கே கடையில் இல்லை. வினிகர் போதும் என்கிறார்களே, உண்மையா?"

உரிக்க வேண்டாம் தம்பி, காப்பாற்றலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நான்கு தனித்தனி கோளாறு, நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது, எல்லாவற்றுக்கும் வினிகரை ஊற்றினால் ஊறுகாய்தான் கிடைக்கும்.

முதலில் அந்த வெள்ளி. அது டெக்காலின் குறை இல்லை, பசையின் குறையும் இல்லை, அடியில் மாட்டிக்கொண்ட காற்று. மேட் பெயின்ட் ஏன் மினுங்குவதில்லை என்றால் அதன் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருப்பதால்தான். டெக்காலின் மெல்லிய படலம் அந்த மேடுகளின் தலையில் மட்டும் உட்கார்ந்துகொள்கிறது, பள்ளத்தில் காற்று தங்கிவிடுகிறது, வெளிச்சம் அந்தக் காற்றில் பட்டுச் சிதறித் திரும்புவதுதான் உங்களுக்கு வெள்ளியாகத் தெரிகிறது. வீட்டுக் குளியலறை ஜன்னலில் சொரசொரப்புக் கண்ணாடி இருந்தால் அந்தச் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள், ஒட்டிய இடம் மட்டும் தெளிந்து வெளியே தெரியும். பள்ளத்தைப் பசை நிரப்பிவிட்டது, அவ்வளவுதான். ஈரமாக இருந்தபோது அருமையாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிட்டது: அப்போது பள்ளத்தில் தண்ணீர் இருந்தது, ராத்திரி அது காய்ந்து போய் அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு வைத்தியம், காற்று வெளியே போகவும் திரவம் உள்ளே போகவும் வழி செய்வது. மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் ஊசி ஒன்று வாங்குங்கள் (நான் வேலூர் ஐடா ஸ்கடர் ரோட்டில் வாங்குவேன், அந்தத் தெருவில் மருந்துக்கடைக்கு என்ன பஞ்சம்), 31 கேஜ் ஊசி கால் மில்லிமீட்டர் பருமன்தான், தையல் ஊசி குத்தினால் ஓட்டை தெரியும், இது தெரியாது. வெள்ளி பூத்த இடம் முழுக்க நெருக்கமாகக் குத்திவிட்டு, அதன் மேல் டெக்கால் மென்மையாக்கும் திரவத்தைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் அது தானாகவே ஓட்டை வழியே உள்ளே இழுக்கப்படும். காய விடுங்கள். மறுபடி தொட்டு வையுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம், ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்காதீர்கள். முழுதாகப் போகாவிட்டாலும், ஓரத்தில் எஞ்சிய மினுமினுப்பின் மேல் அடியில் இருக்கும் அதே பெயின்ட்டை நுனிப் பிரஷ்ஷால் தொட்டு மறைத்துவிடலாம், மேலே வார்னிஷ் ஏறியதும் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே டெக்கால் மேல் மேட் வார்னிஷ் அடித்துவிட்டீர்கள் என்றால் வேலை கஷ்டம்தான், வார்னிஷைத் தாண்டித் திரவம் இறங்காது, ஊசி ஓட்டை ஒன்றுதான் வழி.

அடுத்து வெள்ளை வளையம். இது நம்ம ஊர் விஷயம். போர் தண்ணீரில்தானே நனைத்தீர்கள்? மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடிக் காட்டியது, ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரின் உப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எவர்சில்வர் குடத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான் உங்கள் இறக்கையிலும் படிந்திருக்கிறது. இங்கேதான் வினிகர் உண்மையிலேயே வேலை செய்யும். மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் மூன்று பங்கு கலந்து, காட்டன் பட்ஸால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம், அப்புறம் சுத்தமான தண்ணீரால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். டெக்காலைச் சுற்றிப் பழுப்பாக ஏதாவது வழிந்திருந்தால் அது பசை, அதுவும் இதிலேயே போய்விடும், விட்டுவைத்தால் நாளாக ஆகக் கறுக்கும். இனிமேல் நனைப்பதற்குக் கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடலுக்கு அரை டம்ளர் போதும்.

கூடாரம் அடித்து நிற்பது வேறு கதை. டெக்கால் படலம் தானாக மடங்கிப் பள்ளத்தில் இறங்காது, அதை இளக்க வேண்டும். கடையில் இதற்கு இரண்டு புட்டி விற்கிறார்கள், இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். மைக்ரோ செட், மிஸ்டர் மார்க் செட்டர் போன்றவை டெக்காலை வைப்பதற்கு முன்னால் இடத்தில் தடவ வேண்டியவை. மைக்ரோ சோல், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்றவை வைத்த பிறகு மேலே தடவ வேண்டியவை. முதல் வகையில் மைக்ரோ செட்டில் அசிட்டிக் அமிலம் உண்டு, புட்டியைத் திறந்தாலே வினிகர் வாசனை வரும், அதனால் அதற்குப் பதிலாகத் தண்ணீர் கலந்த வினிகரைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டாவது வகைக்கு வினிகர் மாற்று ஆகாது. இதில்தான் உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் ஒரே ஒரு சின்னப் புட்டி வரவழைத்துவிடுங்கள், தொட்டுத் தொட்டு வைப்பதால் பல மாடலுக்கு வரும். அது வந்து சேரும் வரை, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டெக்கால் மேல் சில விநாடி அழுத்திப் பாருங்கள், சில கம்பெனி டெக்கால்கள் அதற்கே இளகிக் கொடுக்கும்.

தயவுசெய்து நெயில்பாலிஷ் ரிமூவரையும் தின்னரையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோன் இந்தக் கிட் பிளாஸ்டிக்கை, அதாவது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஒரு சொட்டுத்தானே என்று நான் ஒரு தடவை தொட்டு வைத்து, டெக்காலோடு இறக்கையும் சேர்ந்து பாகாகி, கடைசியில் அந்த விமானத்தை விபத்துக்குள்ளானதாகக் காட்டிப் புல் மேட்டில் வைக்க வேண்டியதாயிற்று. ஹேர் டிரையரும் அப்படித்தான், மெல்லிய இறக்கை வளைந்துவிடும்.

சாஃப்டரைத் தடவியதும் டெக்கால் வெந்நீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கும். பார்த்தவுடன் பதறித்தான் போவீர்கள். அப்போது கை வைக்கவே கூடாது. படலம் கிட்டத்தட்டக் கூழாக இருக்கும் நேரம் அது, தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு, பேனல் லைனுக்குள் இறங்கிப் பெயின்ட் அடித்தது போல ஆகிவிடும். ஏற்கெனவே காய்ந்து கூடாரமாக நிற்பதற்கு, புது பிளேடின் நுனியால் பேனல் லைன் வழியே ஒரே ஒரு மெல்லிய கீறல் போட்டுவிட்டு, அதில் சாஃப்டரைத் தொட்டு வையுங்கள். திரவத்தின் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டெக்காலும் அப்படியே, அதனால் ஷீட்டில் நமக்குத் தேவைப்படாத எண் ஒன்றை ஐஸ்கிரீம் ஸ்பூனில் ஒட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் விமானத்துக்குப் போங்கள்.

சோதனை என்றதும் வால் எண் ஞாபகம் வருகிறது. தண்ணீரில் போட்டவுடன் துண்டாகிறது என்றால் படலம் பழசாகி நொறுங்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது, கிட் எத்தனை வருஷம் கடையில் வெயில் காய்ந்ததோ. அந்த மூன்று துண்டும் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொன்றாக நனைத்து, வாலில் தண்ணீர் தாராளமாக விட்டு, ஈரத்திலேயே பிரஷ்ஷால் நகர்த்திச் சேர்த்துவிடலாம், விரிசலில் அதே நிறத்தைத் தொட்டு வைத்தால் போதும். மிச்சமிருக்கும் ஷீட்டை இனி அப்படியே நனைக்காதீர்கள்: ஷீட் முழுவதற்கும் மெல்லிசாக ஒரு கிளியர் வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிட்டால் புதுப் படலம் பிடித்துக்கொள்ளும். ஒரே சிக்கல், இப்போது ஷீட் முழுக்க ஒரே படலமாகிவிட்டது, ஒவ்வொரு சின்னத்தையும் அச்சின் ஓரத்தை ஒட்டி நீங்களே வெட்டி எடுக்க வேண்டும். ஷீட் மஞ்சளாகவும் போயிருந்தால், பிளாஸ்டிக் கவரில் போட்டு வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் அச்சுப் பக்கம் வெளியே பார்க்கும்படி சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். நம்ம ஊர் வெயில் காசு வாங்காமல் செய்து தருகிற ஒரே வேலை இது.

இனி அடுத்த விமானத்துக்கு. டெக்கால் ஒட்டுவதற்கு முன்னால் மேட் பரப்பின் மேல் பளபளப்பான கிளியர் அடியுங்கள், மேட் பூச்சை, எல்லாம் முடித்த பிறகு கடைசியில் கொண்டுவந்துகொள்ளலாம். ஈர வாழையிலை மொசைக் தரையில் எப்படி அப்பிக்கொள்கிறது, சொரசொரத்த சிமென்ட் தரையில் எப்படி அப்பாமல் கிடக்கிறது, அந்த வித்தியாசம்தான். டாமியா எக்ஸ்-22 மாதிரி ஒன்றை மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று தடவை அடித்து ஒரு முழு நாள் விடுங்கள், ஏர்பிரஷ் இல்லாவிட்டால் அகலமான மெத்துப் பிரஷ்ஷும் போதும். பைக் டேங்குக்கு அடிக்கிற கிளியர் ஸ்பிரே கேன் அகப்படுகிறதே என்று அதை நேராக மாடல் மேல் அடித்துவிட வேண்டாம், அதன் கரைப்பான் அடிப் பெயின்ட்டைச் சுருட்டிவிடக்கூடும், அதுவும் முதலில் ஸ்பூன் மேல்தான். இந்த ஒரு கோட்டுக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் நேராக டெக்காலுக்குத் தாவி, அப்புறம் புட்டி புட்டியாகத் திரவம் தேடுகிறார்கள்.

ஒட்டும்போது பத்துப் பதினைந்து விநாடி நனைத்தால் போதும், தண்ணீரில் மிதக்க விட வேண்டாம். டெக்காலின் அடியில் இருப்பது டெக்ஸ்ட்ரின் என்ற பசை, உங்கள் ஊர் லுங்கித் தறியில் பாவுக்குப் போடும் கஞ்சிக்குச் சொந்தக்காரன்தான், ஊற ஊறத் தண்ணீரோடு போய்விடும். எடுத்து ஒரு தட்டில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, விரலால் லேசாகத் தள்ளினால் நகர்கிறதா என்று பாருங்கள், நகர்ந்தால் காகிதத்தோடேயே விமானத்துக்குக் கொண்டுபோய், ஈரம் செய்துவைத்த இடத்தில் வழுக்கி இறக்குங்கள். தனி டெக்காலை ட்வீசரில் தூக்கினால் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், அப்படி ஆனால் இழுக்காமல் திரும்பத் தண்ணீரில் விட்டுப் பிரஷ்ஷால் பிரியுங்கள். சரியான இடத்தில் உட்கார்ந்ததும் ஈரக் காட்டன் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

நேரமும் முக்கியம். எனக்குச் சோளிங்கர் பக்கம் சொந்தம், அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் டியூ-142 விமானத்தின் சத்தத்தை லீவுக்குப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன், நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர். 1992-லிருந்து அங்கே இருந்தவை, 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அந்தப் பாசத்தில் 1/144-ல் அதைக் கட்டி, கத்திரி வெயில் மதியம் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உடம்பின் பக்கவாட்டில் வரும் நீள எழுத்து வரிசையை ஒட்டப் போனேன். ஒரு முனையை நேராக்குவதற்குள் மறு முனை காய்ந்து பிடித்துக்கொண்டது. இன்றும் அந்த எழுத்து வால் பக்கம் ஏறுமுகமாகத்தான் போகிறது. அதனால் வெயில் காலத்தில் விடியற்காலை ஆறு மணி, ஃபேன் நிறுத்தம், பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட ஒரு ஊசிக்குழாயில் தண்ணீர். நீள எழுத்தாக இருந்தால் சொல் சொல்லாக வெட்டி, அடியில் மாஸ்கிங் டேப்பைக் கோடாக ஒட்டிவைத்து அதன்மேல் உட்கார வைத்தால் கோணாது.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு நாள் விட்டு, ஈரத் துணியால் பசைக்கறையைத் துடைத்து, இன்னொரு மெல்லிய கிளியர், அதற்கு மேல் மேட். ஸ்பிரே கேன் மேட் என்றால் ஐப்பசி கார்த்திகை மழை பிடித்திருக்கும் நாளில் அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முழு விமானமும் பால் ஊற்றியது போல வெளுக்கும், அதற்கும் நீங்கள் டெக்காலைத்தான் திட்டுவீர்கள். வால் எண் துண்டுகளைச் சேர்த்த பிறகு ஒரு போட்டோ அனுப்புங்கள், விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து தொட வேண்டும் என்று சொல்கிறேன்.