அப்பத்தா காலத்து வெள்ளிக் கரண்டிக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டில் அப்பத்தா காலத்து வெள்ளிக் கரண்டிகள் இரண்டு டஜன், சீமையிலிருந்து வந்த ஸ்பூன், முள்கரண்டி, கத்தி செட் ஒன்று, பித்தளைக் கரண்டிகள், அன்றாட எவர்சில்வர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. காரைக்குடி பழைய சாமான் கடையில் ஒரு தேக்குப் பெட்டகம் பார்த்து வைத்திருக்கிறேன். ஆசாரியோ, பிளைவுட்டில் புதிதாகச் செய்து உள்ளே பச்சை ஃபெல்ட் ஒட்டித் தருகிறேன் என்கிறார். விசேஷத்துக்கு எடுக்கும்போதெல்லாம் வெள்ளி கறுத்துப்போயிருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: பெட்டகத்தையே வாங்குங்கள். ஆனால் நீங்கள் சொன்ன நாலு வகைச் சாமானில் இரண்டுக்குத்தான் அதில் இடம். அந்தப் பச்சை ஃபெல்ட்டை ஆசாரியிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளி ஈரத்தால் கறுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரம் அதை வேகப்படுத்தும். கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகிறது. அதுதான் முதலில் மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் கறுப்பாகவும் தெரிகிறது. பெட்டியை மூடிவிட்டால் வெளிக்காற்று வருவது குறையும். உள்ளேயே கந்தகம் இருந்தால், அது வெளியேற வழியில்லாமல் முழுக்க வெள்ளியின் மேலேயே இறங்கும். ஆகவே பெட்டி எந்த மரம் என்பதற்கு முன்னால், அதற்குள் என்ன விரிக்கிறோம், எந்த அறையில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஃபெல்ட் கம்பளியில் செய்தது என்றால், அந்த இழையிலேயே கந்தகம் இருக்கிறது. ரப்பர் அதைவிட மோசம். ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம்தான் சேர்க்கிறார்கள். டஜன் டஜனாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்த கரண்டிகளில், ரப்பர் பட்ட இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருக்கும்; துணி சுற்றி அதன்மேல் போட்டிருந்தாலும் விழும். டிராயருக்குள் விரிக்கும் ரப்பர் பாய், செய்தித்தாள், ஸ்பான்ஜ் எதுவும் வேண்டாம். ஸ்பான்ஜ் நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்து சாமானில் ஒட்டிக்கொள்ளும்.

நல்ல விரிப்பு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன வெள்ளைப் பருத்தி வேட்டி. பழைய கண்டாங்கிச் சேலை இன்னும் அழகாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆனால் அழுத்தமான சாயத் துணியை வெள்ளிக்கு அடியில் விரிக்க நான் சொல்ல மாட்டேன். துணியைப் பசை போட்டு ஒட்டாமல் சும்மா விரியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துவைத்துப் போடலாம்.

இனி மரம். எந்த மரமும் கொஞ்சம் அமில ஆவி விடும். ஓக் மரத்தில் அது மிக அதிகம். தேக்கு நடுத்தரம். புது மரத்தைவிடப் பழகிய மரத்தில் குறைவு என்பதால் பழைய பெட்டகம் நல்லது. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பொருள்களால் கரையானும் சுலபத்தில் அண்டாது. பிளைவுட்டில் சிக்கல் அதன் பசை. சாதா எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) பிளைவுட்டில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி வெகுநாள் தங்கும். பிளைவுட்தான் என்று முடிவானால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள், அதில் பசை வேறு. எதில் செய்தாலும், புதிதாக பாலிஷ் போட்டாலும், வாசனை அடங்கும்வரை சில வாரம் திறந்தே கிடக்கட்டும்.

பெட்டகத்துக்குப் பணம் கொடுக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் அடிப்பலகையில்தான் கதை இருக்கும். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று கேட்கிறதா, மூலையில் மாவு மாதிரி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக மாவு விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அடிப்பலகை மட்டும் வேறு மரத்தில் மாற்றியிருந்தால் அது குற்றமில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி அடித்தால் சில நாள் நிழலில் காற்றாட வைக்க வேண்டும். நீங்களும் அந்துருண்டை போடாதீர்கள்.

பெட்டகத்தின் குறை அதன் ஆழம். கரண்டியை அள்ளிப் போட்டால் அடியில் இருப்பது வருடக்கணக்கில் வெளியே வராது, ஒன்றோடொன்று உரசிக் கீறலும் விழும். ஆசாரிக்கு இங்கேதான் வேலை. பெட்டகத்தின் உள் நீள அகலத்துக்கு, தூக்கி எடுக்கிற மாதிரி இரண்டு மூன்று மரத்தட்டுகள் செய்யச் சொல்லுங்கள். உயரம் 5, 6 செ.மீ. போதும். மேசைக் கத்தி சுமார் 24 செ.மீ. வரை வரும், எனவே அறைகளின் நீளம் 26 செ.மீ. இருக்கட்டும். அளவு சொல்லும் முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பரிமாறும் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பள்ளம் வைத்தால் இன்னொரு லாபம்: விசேஷம் முடிந்து திரும்ப வைக்கும்போது எது குறைகிறது என்று காலிப் பள்ளமே காட்டிவிடும். பாத்திரத்தில் எழுத்து வெட்டி, எண்ணி எடுத்து எண்ணி வைக்கிற ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கு ஒரு தட்டு, சீமை செட்டுக்கு ஒரு தட்டு. அந்த செட்டின் காம்புப் பின்புறத்தைப் பாருங்கள். இ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது வெள்ளி முலாம். அடியில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. (நாம் ஜெர்மன் சில்வர் என்பதும் அதே கலவைதான், அதில் வெள்ளி துளியும் கிடையாது.) முலாம் சாமானை விபூதி போட்டோ பற்பசை போட்டோ தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் முலாம் போகும். ஸ்பூனின் அடிவயிற்றில் மங்கலான மஞ்சள் தெரிந்தால் ஏற்கெனவே போயிருக்கிறது என்று அர்த்தம்.

கத்திகளையும் தனியாகக் கவனியுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி கையில் உருவானதே 1913-ல்தான். மிகப் பழைய செட் என்றால் கத்தி அலகு சாதாரண எஃகாக இருக்கலாம், அது துருப்பிடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாராஃபினை மெல்லப் பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். எலும்புப் பிடி போட்ட கத்தியை வெந்நீரில் ஊறவைத்தால் பிடி கழன்றுவிடும்.

பித்தளைக் கரண்டிகள் பெட்டகத்துக்குள் வேண்டாம். மர ஆவியின் அமிலம் வெள்ளியைவிடப் பித்தளையைத்தான் அதிகம் படுத்தும். அடுக்களைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அன்றாட எவர்சில்வருக்கு மூடிய பெட்டியே கூடாது. அவசரத்தில் ஈரத்தோடுதான் போடுவோம். ஓட்டை போட்ட ஸ்டாண்டு போதும்.

பெட்டகத்தை அடுக்களையில் வைக்காதீர்கள். வெங்காயம், முட்டை இரண்டிலும் கந்தகம் உண்டு. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்று சிலிண்டரில் சேர்க்கும் எத்தில் மெர்காப்டனும் கந்தகச் சேர்மம்தான். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் காற்றோட்டமான ஓர் அறை சரியான இடம். ஆத்தங்குடிக் கல் தரையில் நேராக வைக்காமல் நாலு விரற்கடையாவது உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தட்டுக்கு ஒன்றாக சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், சாப்பிடும் கரண்டிக்குப் பக்கத்தில் அது வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பதை வாங்குங்கள்.

இப்போது இருக்கும் கறுப்பைப் போக்கிவிட்டு உள்ளே வைக்க நினைத்தால், கெட்டி வெள்ளிக்கு மட்டும் ஒரு வழி: பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, சோடா உப்புக் கலந்த வெந்நீர் ஊற்றி, கரண்டி தாளைத் தொடும்படி சில நிமிடம் போடுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிந்துவிடும். பூ வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய கரண்டிகளை மட்டும் இதில் போடாதீர்கள், அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும். எடுத்ததும் கழுவித் துடைத்து, ஒரு பகல் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் தட்டில் அடுக்குங்கள்.