மருமகளின் ஸ்டூல்

கேள்வி: என் மருமகள் வேலைக்குப் போகிறவள், நல்ல பெண்தான். ஆனால் மாமனார் எதிரிலேயே கால் மேல் கால் போட்டு உட்காருகிறாள். ராத்திரி நாங்கள் மூவரும் சோபாவில் டிவி பார்க்கும்போது, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அப்படி உட்காருவாள். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஏன் இப்படி உட்காருகிறார்கள்? திமிரா? எப்படி எடுத்துச் சொல்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: திமிர் இருக்கட்டும் அம்மா, முதலில் அந்த ஸ்டூலுக்கு வருவோம். நாலு பேர் இருக்கிற வீட்டில் சோபா மூன்று பேருக்கு மட்டும் என்று யார் முடிவு செய்தது? தினமும் அவள் காலைக் கவனித்த உங்களுக்கு அந்த ஸ்டூல் உறுத்தவே இல்லையா?

ஸ்டூலில் சாய முடியாது. இடுப்பும் வயிறும்தான் உடம்பை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் போட்டால் அந்தத் தசைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு. நாள் முழுக்க உழைத்த உடம்பு கேட்காமலே அதைச் செய்யும். வெகுநேரம் அப்படியே இருந்தால் முட்டியின் வெளிப்பக்க நரம்பு அழுந்திப் பாதம் மரத்துப்போகும். பிரஷர் பார்க்கும்போது காலை இறக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் அளவு கூடக் காட்டும். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், போதும்.

மரியாதை? பெரியவர்கள் எதிரில் காலை மடக்கி உட்கார்ந்து வளர்ந்தவள்தான் நானும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் மகன் எப்படி உட்காருவார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லையே! கீழே இருப்பவர் என்று நாம் நினைப்பவரின் கால்தான் எப்போதும் கண்ணில் குத்துகிறது. 2018-இல் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தரப்பில் சிலர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் அந்தப் பகைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உங்கள் வீட்டை அதோடு ஒப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேர் எங்கே போகிறது என்று காட்டினேன்.

உங்கள் வீட்டுக்காரர் சிவன் கோயிலுக்குப் போகிறவர் என்றால், தெற்கு பார்த்த தட்சிணாமூர்த்தி எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

வந்த பெண்ணுக்கு உட்கார இடம் கொடுப்பது மாமியாரின் கடமை. நாளை ராத்திரி அவளைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஸ்டூலுக்குப் போங்கள். ஒரு சீரியல் முழுக்க. முதல் விளம்பரம் வருவதற்குள் உங்கள் கால் எங்கே போய் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.