உதவித்தொகை எவ்வளவு என்பதை விடு, மீதி எவ்வளவு?

ஏற்காட்டிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன், கண்ணு. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இளங்கலைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தனியார் கல்லூரி ஆண்டுக்கு 28,000 டாலர் உதவித்தொகை தருகிறது, மாநிலப் பல்கலைக்கழகம் 9,000 டாலர்தான் தருகிறது. முதலாவதை எடுக்கலாமா என்று கேட்கிறாய். அமெரிக்க அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டால் பணம் வருமா என்றும் கேட்டிருக்கிறாய். மீதிக்கு அப்பாவின் காப்பித் தோட்டத்தை வங்கியில் வைப்பதா, அமெரிக்கா வந்து வார இறுதியில் இந்திய மளிகைக் கடையில் வேலை பார்த்துச் சமாளிப்பதா என்பது உன் மூன்றாவது கேள்வி.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரி. பென்சில்வேனியாவில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. என் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கட்டியதிலும், நம் ஊர்ப் பிள்ளைகள் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்குகளைப் பார்த்ததிலும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஃபாஃப்சா உனக்கில்லை. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும், பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் உரியது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிற உனக்கு, திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசு உதவியான பெல் மானியமும் கிடையாது, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. விடுதியில் பக்கத்து அறை அமெரிக்கப் பெண் 7,395 டாலர் வரை பெல் மானியம் வாங்கலாம். உனக்கு அந்தக் கதவு திறக்காது. அப்பாவோ அம்மாவோ எச்-1பி என்ற வேலை விசாவில் இங்கே இருந்து, பிள்ளை குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருந்தாலும் இதே நிலைதான்.

உனக்குத் திறந்திருப்பது கல்லூரியின் சொந்தப் பெட்டி. சில கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பார்த்துத் தருகின்றன, சில குடும்பத்தின் வசதியைப் பார்த்துத் தருகின்றன. இரண்டாவது வகைக் கல்லூரிகளில் பல, சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அதில் வருமானம், வீடு, நிலம், தொழில் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நம் நாட்டில் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது அந்த அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரிக் கணக்கில் காப்பி வருமானம் தெரியாவிட்டால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைத்துவிடக்கூடும். கொட்டை விற்ற ரசீதுகள், சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகின் கணக்கு, ஆள் கூலி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு சேர்த்து அனுப்பு. நல்ல விளைச்சல் ஆண்டையும் காய்ந்துபோன ஆண்டையும் சேர்த்தே காட்டு.

இனி அந்த 28,000. தனியார் கல்லூரியின் கடிதத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: மொத்தச் செலவு 58,000 டாலர், உதவித்தொகை 28,000, வளாக வேலை 2,500, குடும்பம் கட்ட வேண்டியது 27,500.

அந்த 2,500 கையில் இல்லாத பணம். முதலில் வேலை கிடைக்க வேண்டும், பிறகு வாரக் கணக்கில் உழைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அது சம்பளமாக உன் கணக்குக்கு வரும். ஜூலையில் வரும் பில்லில் ஒரு டாலரையும் அது குறைக்காது. ஆகவே அப்பா கட்ட வேண்டியது 30,000. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 25.5 லட்சம் ஆகிறது, அதுவும் ஓராண்டுக்கு. மருத்துவக் காப்பீடு கடிதத்தில் எங்குமே இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களிடம் அதைக் கட்டாயமாக வாங்குகின்றன, எனவே அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள். குளிர்கால விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா என்றும் கேள். சில இடங்களில் பூட்டிவிடுவார்கள், போக இடமில்லாத பிள்ளைகள்தான் டிசம்பரில் என் வீட்டு வரவேற்பறையில் படுத்திருப்பார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் மொத்தச் செலவு 36,000, உதவித்தொகை 9,000, மீதி 27,000. சிறிய உதவித்தொகை தருகிற இடத்தில்தான் உனக்குச் செலவு குறைவு! விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பெரிய தள்ளுபடி காட்டும் ஆடி மாத ஜவுளிக்கடைகளை நீ பார்த்ததில்லையா? தனியார் கல்லூரிகள் பலவற்றின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். தள்ளுபடி பெரிதாக இருப்பதாலேயே கல்லூரி உன்னை அதிகம் விரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளாதே.

நான்கு ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பார். கட்டணம் ஏறும், உதவித்தொகை பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், நான்காம் ஆண்டில் தனியார் கல்லூரியின் செலவு 63,000 டாலரைத் தாண்டி, உன் பங்கு 35,000க்கு மேல் போகும். பல்கலைக்கழகத்தில் அது 30,000 அளவில் நிற்கும். ரூபாயின் மதிப்பும் சும்மா இருக்காது. 2010இல் 45 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர், 2024 டிசம்பரில் 85ஐத் தாண்டியது. உதவித்தொகையைத் தக்கவைக்க எவ்வளவு மதிப்பெண் சராசரி வேண்டும், ஒரு பருவம் சறுக்கினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். முதல் பருவத்தில் வேதியியலில் தடுமாறி, இரண்டாம் ஆண்டே உதவித்தொகை பறிபோய், படிப்பைப் பாதியில் விட்ட கெட்டிக்காரப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

இதற்காகத் தனியார் கல்லூரியை இன்றே தள்ளிவிடச் சொல்லவில்லை. உதவித்தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று கேள். நாம் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. அவர்களுடைய நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடு: உங்கள் கல்லூரிக்கு வரவே விருப்பம், இன்னோர் இடத்தில் மீதி இவ்வளவுதான் ஆகிறது, தோட்டக் கணக்கை இணைத்திருக்கிறேன், மறுபரிசீலனை செய்ய முடியுமா? அழுது எழுதாதே, எண்களை எழுது. பல கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்து முன்பணம் கட்டக் கடைசி நாள் மே 1. அதற்கு இரண்டு வாரம் முன்பாவது கேட்டுவிடு. கட்டியபின் கேட்டால் உன் பிடி தளர்ந்துவிடும்.

விண்ணப்பிக்கும்போதே நிதியுதவி வேண்டும் என்று நீ குறித்திருந்தது நல்லதாகப் போயிற்று. சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர், பின்னால் கேட்கவே முடியாத கல்லூரிகள் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும் உன் தம்பியிடம் இதை இப்போதே சொல்லி வை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற ஒரு சில இடங்களில் வெளிநாட்டு மாணவரும் உதவி கேட்டதற்காகப் பின்தள்ளப்படுவதில்லை, அனுமதி கிடைத்தால் தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறார்கள். நுழைவதுதான் குதிரைக் கொம்பு. கென்டக்கியில் பெரியா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே எந்த மாணவரும் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை, எல்லோரும் வளாகத்தில் வேலை செய்தாக வேண்டும். அவன் அதையும் பார்க்கட்டும்.

தோட்டத்துக்கு வருகிறேன். காப்பித் தோட்டத்தை ஈடாக வைக்க வங்கி ஒப்புக்கொள்ளும் என்று அப்பா நம்பியிருக்க வேண்டாம். பெரும்பாலான வங்கிகள் விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்பதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் தாத்தா வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது உதவும். ஆனால் தாத்தா காலமாகிவிட்டதால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், உன் இரண்டு அத்தைகளும் சேர்த்துத்தான். மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் கருத்து என்று ஒவ்வொன்றாக வந்து சேர வாரங்கள் ஆகும். அத்தைகளைச் சம்மதிக்க வைப்பது எத்தனை வாரம் என்று உன் குடும்பத்துக்குத்தான் தெரியும். அப்பா இந்த வாரமே சேலத்துக்கு இறங்கிப் போய் வங்கி மேலாளரைப் பார்க்கட்டும்.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் வரை நம் கைப்பணத்தையும் போடச் சொல்வார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது. இன்னொன்று, வீட்டு ஈட்டின் மேல் முதலாண்டுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதே. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுப் பணத்தைக் காட்டினால் போதும் என்பதால் பலர் அங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். வட்டிக்குப் பணம் புரட்டி வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், அவருடைய அலுவலகத்துக்கு மறுபடி போகாதே.

பணம் வரும் மாதமும் பில் வரும் மாதமும் உங்களுக்குப் பொருந்தாது. ஏற்காட்டில் காப்பிப் பழம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிப்பீர்கள், கொட்டை காய்ந்து விலையாகிக் காசு வரப் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். கல்லூரியோ ஜூலை, ஆகஸ்டில் ஒரு பில்லும், டிசம்பர், ஜனவரியில் ஒரு பில்லும் போடும். பருவக் கட்டணத்தை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு. சிறு பதிவுக் கட்டணம்தான், வட்டி இருக்காது. இல்லாவிட்டால் அப்பா வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அடிமாட்டு விலைக்குக் கொட்டையைக் கொடுத்துவிட்டு வருவார்.

மளிகைக் கடை வேலை வேண்டவே வேண்டாம். எஃப்-1 விசாவில் முதலாண்டு வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது, பிறகும் அனுமதி வாங்கித்தான் பார்க்கலாம். ரொக்கமாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார், தமிழிலேயே சொல்வார். மாட்டினால் போவது உன் விசா, அவருடைய கடை அல்ல. வளாகத்துக்குள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் கைச்செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. உணவுக்கூடத்தில் இடம் இருந்தால் முதலில் அதைப் பிடி, வேலை நாளில் ஒரு வேளைச் சாப்பாடு பல இடங்களில் இலவசம். வந்து இறங்கிய வாரமே விண்ணப்பித்துவிடு. செப்டம்பர் பிறந்தால் நூலக மேசை, உணவுக்கூடம் எல்லாம் நிரம்பிவிடும்.